பதின்மூன்று கதைகளுக்கும் ஒரே அம்மா

இந்தத் திங்கட்கிழமை காலை ஆபீஸ் பாத்ரூம் கண்ணாடியின் ஓரத்தில் யாரோ ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். மெரூன் நிறம், மிளகு அளவுதான் இருக்கும். முகம் கழுவுவதற்காக எடுத்து ஒட்டியிருப்பாள், அப்படியே மறந்து மீட்டிங்குக்கு ஓடியிருப்பாள். இதெல்லாம் ஒரு விஷயமா என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கையைத் துடைத்துக்கொண்டு வந்து சீட்டில் உட்கார்ந்த பிறகுதான் ஒரே ஃபைலைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தது தெரிந்தது. காப்பி அதிகமாகிவிட்டது என்று பக்கத்து சீட்காரியிடம் சொன்னேன். அன்று காலையிலிருந்து நான் காப்பியே குடித்திருக்கவில்லை.

எங்கள் வீட்டில் பொட்டு வைக்கிற வழக்கம் கிடையாது. நான் பிறந்து வளர்ந்தது தாராவியில். அப்பா அம்மா இருவரும் திருநெல்வேலிக்குத் தெற்கே இருந்து வந்த கிறிஸ்தவக் குடும்பம். அம்மா, சித்தி, அத்தை, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முன்வரிசையில் உட்கார்ந்து மற்றவர்களை முந்திக்கொண்டு பாடும் பெண்கள், எல்லார் நெற்றியும் வெறும் நெற்றிதான். அதைப் பற்றி யாரும் யோசித்ததுகூட இல்லை. இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், பின்னால் நடந்ததற்கு இதுவும் ஒரு காரணம். சாக்கு என்று நீங்கள் சொன்னால் சண்டைக்கு வர மாட்டேன்.

எனக்கு முதலில் வேலை கிடைத்த இடம் செம்பூர் ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிஷ நடையில், ஒரு மிளகாய் அரைக்கிற மில்லுக்கு மேலே இருந்தது. இரண்டு அறை, எட்டு கம்ப்யூட்டர், ஒரு கண்ணாடிக் கேபின். அனிமேஷன் ஸ்டுடியோ என்று வாசலில் போர்டு தொங்கும். கீழே மில் ஓட ஆரம்பித்தால் மேலே எட்டுப் பேரும் வரிசையாகத் தும்முவோம். இன்றைக்கும் எங்காவது வற்றல் மிளகாய் நெடி வந்தால் எனக்குச் சமையல் ஞாபகம் வருவதில்லை, மானிட்டர்தான் ஞாபகம் வருகிறது. முதலாளி மகேஷ் சார் உல்லாஸ்நகர்க்காரர், சிந்தி. துணிக்கடை வைக்கச் சொன்ன அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு வந்து இந்த ஸ்டுடியோவை வைத்தவர். தும்மல் சத்தம் கேட்டால் கேபினுக்குள்ளிருந்து எண்ணுவார். எட்டுக்குக் குறைந்தால் யாரோ சீட்டில் இல்லை என்று அர்த்தம்.

நாங்கள் வேலை பார்த்த மென்பொருளின் பெயரைச் சொன்னால் இப்போது பாதிப் பேருக்குத் தெரியாது. ஒரு காலத்தில் இணையத்தில் ஆடியது, பாடியது, குதித்தது எல்லாம் அதில் செய்ததுதான். அதில் சிம்பல் என்று ஒன்று உண்டு. ஒரு முகத்தை ஒருமுறை வரைந்து, சிம்பலாக்கி, லைப்ரரியில் போட்டுவிட்டால் போதும். பிறகு எத்தனை காட்சியில் அந்த முகம் வேண்டுமோ அத்தனை முறை இழுத்துப் போட்டுக்கொள்ளலாம். இழுத்துப் போட்டவையெல்லாம் வெறும் காப்பி. உயிர், லைப்ரரியில் இருக்கிற மாஸ்டரில். மாஸ்டரில் மூக்கைக் கொஞ்சம் நீட்டினால் நூறு காட்சியிலும் மூக்கு நீண்டுவிடும். சோம்பேறிகளுக்கென்றே யாரோ கண்டுபிடித்த ஏற்பாடு. பார்த்த முதல் நாளே நான் அதற்கு அடிமையாகிவிட்டேன்.

அப்போது நாங்கள் செய்துகொண்டிருந்தது குழந்தைகளுக்கான கதை சி.டி. மொத்தம் பதின்மூன்று கதைகள். ஓர் அம்மா, ஓர் அப்பா, ஒரு பையன், ஒரு நாய். எல்லாக் கதையிலும் இதே நான்கு பேர்தான் வருவார்கள் என்பதால் இவர்களை ஒரே பொது ஃபைலில் வைத்திருந்தோம். பதின்மூன்று கதைகளும் அந்த ஒரே லைப்ரரியிலிருந்துதான் அம்மாவை எடுக்கும். அதுமட்டுமில்லை. கதையை முடித்து பப்ளிஷ் என்ற பொத்தானை அழுத்தும்போது, அது தானாகவே பொது ஃபைலில் போய் எட்டிப் பார்த்து, அம்மாவின் முகத்தில் ஏதாவது புதிதாக மாறியிருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு வந்துவிடும். கேட்காது. இப்போது நான் வேலை பார்க்கிற மென்பொருள், எல்லா இடத்திலும் மாற்றவா என்று மரியாதையாகக் கேட்கிறது. அந்தக் காலத்து மென்பொருளுக்கு அந்த நாகரிகம் இல்லை.

பொது ஃபைலைக் காவல் காத்தவர் கௌரி. நாற்பத்தைந்து வயது இருக்கும், மாட்டுங்காவில் வீடு, பாலக்காட்டு வழி வந்த குடும்பம். நான் கௌரிக்கா என்று கூப்பிடுவேன். அந்த ஆபீஸில் தமிழ் பேச எங்கள் இரண்டு பேரையும் விட்டால் ஆள் இல்லை, அதனால் நாங்கள் ஒட்டிக்கொண்டோம். மற்றபடி அவள் தமிழுக்கும் என் தமிழுக்கும் ஆயிரம் மைல் தூரம். அவள் மாட்டுங்காவில் ஏறுவாள், அடுத்த ஸ்டேஷன் சயானில் நான் ஏறுவேன். குர்லாவில் இறங்கிப் பாலம் ஏறி ஹார்பர் லைன் மாறி, திலக் நகர் தாண்டி செம்பூர். சாயங்காலம் அதே வழியில் திரும்புவோம். லேடீஸ் பெட்டியில் எனக்கு இடம் பிடித்து வைப்பதற்காக அவள் போட்ட சண்டைகளைத் தனியாக எழுதலாம்.

அவளுக்கு முன்கோபம் அதிகம். லைப்ரரி விஷயத்தில் கேட்கவே வேண்டாம். அங்கே ஒரு வழக்கம் வைத்திருந்தாள். எந்த சிம்பலிலும் நேரடியாகக் கை வைக்கக் கூடாது. முதலில் அதற்கு ஒரு டூப்ளிகேட் எடுத்து, அதன் பெயருக்குப் பின்னால் தன் பெயரின் முதல் இரண்டு எழுத்தைச் சேர்த்து, அப்புறம்தான் மாற்ற வேண்டும். யார் செய்தது என்று பெயரைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அம்மாவின் முகத்தை வரைந்தது அவளே என்பதால் அதன் பெயர் 'அம்மா முகம் கௌ' என்று இருக்கும். ஆங்கில எழுத்தில்தான் எழுதுவோம், உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன். பொது ஃபைலைத் திறந்து பார்க்க யாராலும் முடியும். மாற்றிச் சேமிப்பது அவள் கம்ப்யூட்டரிலிருந்து மட்டும்தான் முடியும்.

அவள் மானிட்டர் விளிம்பில் எப்போதும் மூன்று நான்கு ஸ்டிக்கர் பொட்டுகள் ஒட்டியிருக்கும். மத்தியானம் முகம் கழுவப் போகும்போது எடுத்து அங்கே ஒட்டுவாள், வந்ததும் புதிதாக வேறொன்றை வைத்துக்கொள்வாள். பழையதை எடுக்க மறந்துவிடுவாள். அந்த வருஷக் கோடையில் அவள் கணவர் ஒரு காலை குளித்துவிட்டு வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். பதினாறு நாள் கழித்து வேலைக்கு வந்தபோது அவள் நெற்றியில் ஒன்றும் இல்லை. மானிட்டரில் மூன்று பொட்டுகள் அப்படியே இருந்தன. தினமும் மேசை துடைக்கிற சுனந்தாபாய் அந்த மூன்றையும் தொடாமல் சுற்றித் துடைப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

மழைக்காலம் முடிகிற சமயம். ஏழாவது கதை என் பொறுப்பில் இருந்தது. அதில் ஒரு காட்சியில் அம்மா தலைக்குக் குளித்துவிட்டு, துண்டைக் கட்டிக்கொண்டு வெளியே வருகிறாள். கதைத் தாளின் ஓரத்தில் கௌரிக்கா தன் கையால் 'இந்தக் காட்சியில் பொட்டு வேண்டாம்' என்று எழுதி வைத்திருந்தாள். அன்று செவ்வாய்க்கிழமை, கணவர் பெயரில் இருந்த ஏதோ காகித வேலையாக அவள் வார்டு ஆபீஸுக்குப் போயிருந்தாள். எனக்கு அவசரம். அவள் கம்ப்யூட்டர் திறந்தே கிடந்தது. போய் உட்கார்ந்தேன். அம்மாவின் முகத்தின் மேல் இரண்டு முறை சொடுக்கினேன், பொட்டைத் தேர்ந்தெடுத்தேன், அழித்தேன், சேமித்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. டூப்ளிகேட் எடுக்கவில்லை. என் எழுத்தைச் சேர்க்கவில்லை. சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன், சாயங்காலம் ரயிலில் வேறு பேச்சு வந்துவிட்டது.

புதன்கிழமை பதின்மூன்று கதைகளையும் கடைசியாக பப்ளிஷ் செய்தார்கள். வியாழக்கிழமை நான்கு மணிக்கு சி.டி. கம்பெனியிலிருந்து ஒரு அம்மாள் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. அவளுக்குப் பிடித்தால் அடுத்த தொகுப்பும் எங்களுக்கு. காலையில் எல்லாக் கதையையும் ஓட்டிப் பார்த்துச் சரி என்று சொல்வது என் வேலை. ஒன்று விடாமல் பார்த்தேன். நாயின் வாலைப் பார்த்தேன், பையனின் செருப்பு இடம் வலம் மாறியிருக்கிறதா என்று பார்த்தேன், அப்பாவின் மீசையைப் பார்த்தேன். அம்மாவையும் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அது ஓர் அம்மாவின் முகம். என் அம்மாவின் முகம் அப்படித்தான் இருக்கும். எல்லாம் ஓகே என்று பதினொன்றரை மணிக்கு மகேஷ் சாரிடம் சொன்னேன்.

அவர் சந்தோஷத்தில் முதல் கதையைப் பெரிய திரையில் போடச் சொன்னார். எல்லாரும் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தோம். சுனந்தாபாய் டீ கொண்டு வந்தவள் டிரேயைக் கையில் வைத்தபடி நின்று பார்த்தாள். அம்மா பையனுக்குச் சோறு ஊட்டுகிறாள். சுனந்தாபாய் சாதாரணமாக, பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிக் கேட்பது போல மராட்டியில் கேட்டாள்.

"ஹிச்சா நவ்ரா மேலா கா?"

இவள் புருஷன் செத்துப்போய்விட்டானா என்று அர்த்தம். அவள் கேட்டு வாயை மூடுவதற்குள் திரையில் அப்பா சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்தினார்கள். சுனந்தாபாய்க்குத் தான் யார் இருக்கிற அறையில் என்ன கேட்டுவிட்டோம் என்பது அப்போதுதான் உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு டிரேயை வைத்துவிட்டுப் போய்விட்டாள். எனக்குச் செவ்வாய்க்கிழமை சொடுக்கிய அந்த இரண்டு சொடுக்கும் ஞாபகத்துக்கு வந்தது.

மகேஷ் சார் இரண்டாவது கதையைப் போட்டார், மூன்றாவதைப் போட்டார், கடைசியைப் போட்டார். பதின்மூன்றிலும் அம்மாவுக்குப் பொட்டு இல்லை. எழுந்து கௌரிக்காவின் கம்ப்யூட்டருக்குப் போய்ப் பொது ஃபைலைத் திறந்தார். அவள் வரைந்த முகம், அவள் எழுத்து, அவள் கம்ப்யூட்டர். பக்கத்தில் கதைத் தாளில் பொட்டு வேண்டாம் என்று அவள் கையெழுத்து. அதற்கு மேல் பொட்டில்லாத அவள் நெற்றி. அறையில் இருந்த எல்லாரும் திரையைப் பார்த்தார்கள், அப்புறம் அவளைப் பார்த்தார்கள், அப்புறம் தங்கள் விசைப்பலகையைப் பார்த்தார்கள். என்ன நினைக்கிறார்கள் என்று யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. புருஷன் போன துக்கத்தில் தன்னை அறியாமல் செய்துவிட்டாள், பாவம். நானும் தலையைக் குனிந்துகொண்டேன்.

மகேஷ் சார் கத்துகிற ஆள். அன்றைக்குக் கத்தியிருந்தால் நான் சொல்லியிருப்பேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் குரலைத் தாழ்த்தி, ஆஸ்பத்திரியில் பேசுவது போலக் கேட்டார்.

"கௌரிஜி, தபியத் டீக் ஹை நா?"

உடம்பு சரியாக இருக்கிறதா என்று. அவள் அவரைப் பார்த்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முகத்தைத் திறந்து, வட்டம் போடும் கருவியை எடுத்து, நெற்றி நடுவில் ஒரு மெரூன் வட்டம் வைத்தாள். அதற்கு இரண்டு விநாடிதான் ஆனது. ஆனால் பதின்மூன்று கதைகளையும் மறுபடி பப்ளிஷ் செய்ய வேண்டும், ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு பதினைந்து நிமிஷம் பிடிக்கும், அப்புறம் சி.டி. எழுத வேண்டும். சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டடிக்கப் பத்து நிமிஷம் இருந்தது.

அந்த நான்கு மணி நேரத்தை நான் மறக்கவே இல்லை. ஒருவரும் சாப்பிடப் போகவில்லை. நீலக் கோடு இடமிருந்து வலமாக நகரும், முடியும், கௌரிக்கா அடுத்ததைத் திறப்பாள். நான் அவள் பக்கத்தில் நின்று முடிந்ததை ஒவ்வொன்றாகத் தாளில் அடித்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு கதை முடியும்போதும், இந்த நீலக் கோடு போய் முட்டியதும் சொல்லிவிடுவேன் என்று தீர்மானிப்பேன். முட்டும். நான் தாளில் கோடு அடிப்பேன். சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது, ஆறு மாதம் முடிந்தால்தான் வேலை நிரந்தரம். எங்கள் வீட்டில் ஏசி ஆபீஸில் உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆள் நான்தான் என்று அம்மா கோயிலில் அத்தனை பேரிடமும் சொல்லியிருந்தாள். இதையெல்லாம் நான் மனசுக்குள் சுற்றிச் சுற்றி ஓட்டிக்கொண்டிருந்தேன்.

ஏழாவது கதைக்கு வந்தபோது அவள் நிறுத்தினாள். அதில்தான் குளித்துவிட்டு வரும் காட்சி.

"இது உன்னோட கதைதானே?"

"ஆமாக்கா."

அவ்வளவுதான். அவள் திரையைப் பார்த்தபடியே குடிக்கத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள். கூலரில் பாட்டிலைப் பிடித்து நிரப்பிக்கொண்டு வந்தபோது அவள் விரல்கள் எதையோ தட்டிக்கொண்டிருந்தன. துண்டு கட்டிய அம்மாவுக்கு மட்டும் பொட்டில்லாத தனி முகம் செய்திருந்தாள். இப்படித்தான் நான் செய்திருக்க வேண்டும். பாட்டிலை வாங்கிக் குடித்தாள், மூடியைத் திருகி என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். நன்றி சொல்வாள் வழக்கமாக, அன்று சொல்லவில்லை.

பதினொன்றாவது கதையில் கம்ப்யூட்டர் உறைந்து நின்றது. மகேஷ் சார் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். அணைத்துத் திரும்பப் போடவே அரை மணி நேரம் போனது, அந்தக் கதையை மறுபடி முதலிலிருந்து. மூன்றரை. மூன்றே முக்கால். கீழே காரின் ஹாரன் சத்தம் கேட்டபோது சி.டி. எழுதும் டிரே இன்னும் உள்ளேயே இருந்தது. வந்த அம்மாளை மகேஷ் சார் படிக்கட்டிலேயே பிடித்து, மிளகாய் மில்லின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டு மெதுவாக ஏற்றிக் கொண்டுவந்தார். டிரே வெளியே வந்தது. வந்தவள் பார்த்தாள், சிரித்தாள், கதையில் வரும் அம்மா ரொம்ப அழகாக இருக்கிறாள் என்று சொன்னாள், இரண்டு சமோசா சாப்பிட்டாள், அடுத்த தொகுப்புக்கும் சரி சொல்லிவிட்டுப் போனாள். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அதற்குப் பிறகு மகேஷ் சார் கௌரிக்காவைக் கேபினுக்குக் கூப்பிட்டார். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவர் கையைக் கையை ஆட்டி இதமாகப் பேசிக்கொண்டிருந்தார். கெட்ட மனிதர் இல்லை அவர். ஒரு மாதம் ஓய்வு எடுங்கள், உங்கள் சீட் எங்கேயும் போகாது, லைப்ரரியை அதுவரை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும் என்று சொன்னாராம். அவள் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தாள். டிபன் டப்பாவையும் குடையையும் பைக்குள் வைத்தாள். மானிட்டரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் இருவரும் ஒன்றாகவே கிளம்பினோம். குர்லாப் பாலத்தில் நெரிசல் அதிகம், அவள் எப்போதும் போல என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அந்தக் கை சாதாரணமாக இருந்தது, என் கைதான் வியர்த்திருந்தது. கீழே இறங்கி ஸ்லோ டிரெயினில் லேடீஸ் பெட்டியில் ஏறினோம். உட்கார இடம் இல்லை, வாசலுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எதிரும் புதிருமாக நின்றோம். குர்லாவுக்கும் சயானுக்கும் நடுவில் ஸ்டேஷன் கிடையாது, ஐந்து நிமிஷ ஓட்டம். வண்டி கிளம்பியதும் அவள் கேட்டாள்.

"நேக்கு ஒண்ணும் ஞாபகம் வரலை, கேட்டியா. நான்தான் அந்த முகத்தை மாத்தினேனோ? நீ ஏதாவது பாத்தியா?"

சொல்கிறேன், சொல்கிறேன் என்று காலையிலிருந்து மனசுக்குள் ஒத்திகை பார்த்த வார்த்தைகள் எல்லாம் வாயில் தயாராக இருந்தன. அவள் கண்ணைப் பார்த்தேன். நான் சொன்னது இதுதான்.

"இல்லக்கா. நான் ஒண்ணும் பாக்கல."

அவள் என்னைப் பார்த்தாள். சரி என்றாள். வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். சயான் வந்தபோது, ஸ்டேஷன் வந்தாச்சு, பாத்து இறங்கு என்றாள். இறங்கினேன். வண்டி நகர்ந்தபோது அவள் கை கம்பியில் இருந்தது தெரிந்தது, முகம் தெரியவில்லை. அதற்குப் பிறகு நான் அவளோடு பேசியதே இல்லை.

வீட்டில் அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நான் எதிரே உட்கார்ந்து அவள் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தேன் போல. ஏட்டி, என்னத்த அப்பிடிப் பாக்க, ஆபீசுல எதும் பிரச்சினையா என்று கேட்டாள். ஒன்றும் இல்லை என்றேன். ஒரே நாளில் இரண்டாவது பொய். இரண்டாவது முதலாவதைவிடச் சுலபமாக வந்தது.

மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. திங்கட்கிழமை கேபின் கதவைத் தட்டி மகேஷ் சாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வேலை போய்விடும் என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டே போனேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அரே, தும் லோக் தோ பிந்தி லகாதே ஹி நஹீ. தும்கோ கைசே திகேகா?"

நீங்கள் பொட்டே வைக்காத ஆட்கள், உனக்கு எப்படிக் கண்ணில் படும் என்கிறார். டீ நேரத்தில் இதையே எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தார். அவர்களும் சிரித்தார்கள். கவனித்தீர்களா? அவள் செய்தாள் என்று நினைத்தபோது அது புத்தி பேதலித்த விஷயம். நான் செய்தேன் என்று தெரிந்ததும் அது ஜோக். அன்று எனக்கு வந்த கோபம் யார் மேல் என்று இப்போதும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை, பெரும்பங்கு என் மேல்தான். கௌரிக்காவுக்குப் போன் செய்து சொல்லிவிடுகிறேன் என்றார் சார். செய்தாரா என்று நான் கேட்கவில்லை. ஒரு மாதம் கழித்தும் அவள் வரவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். அவள் சீட்டில் புதிதாக ஒருவரை உட்கார வைப்பதற்காக மானிட்டரைத் துடைக்கச் சொன்னார்கள். சுனந்தாபாய் அந்த மூன்று பொட்டுகளையும் நகத்தால் கீறி எடுத்தாள். பசைத் தடம் மூன்றும் கொஞ்ச நாள் இருந்தது. எனக்கு ஆறு மாதம் முடிந்து வேலை நிரந்தரமானது.

ஒருமுறை மாட்டுங்காவில் இறங்கி அவள் கட்டடம் வரைக்கும் போனேன். இரண்டாவது மாடி பால்கனியில் அவள் துணி உதறிக்கொண்டிருந்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? பூக்காரியின் கூடைக்குப் பின்னால் குனிந்து ஒளிந்துகொண்டேன். பூக்காரி என்னை ஒரு மாதிரி பார்த்ததால் இரண்டு முழம் மல்லிகை வாங்க வேண்டியதாயிற்று. அம்மா அதைத் தலையில் வைத்துக்கொண்டு, என்ன விசேஷம் என்று கேட்டாள். மூன்றாவது பொய்க்கு எனக்குத் தெம்பில்லை, அழுதுவிட்டேன்.

இத்தனை வருஷமாக என் மனசில் இருந்தது ஒன்றுதான். அவள் தன் புத்தியையே சந்தேகப்பட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள், ஒரு வார்த்தையில் அதைத் தீர்த்திருக்கலாம், நான் தீர்க்கவில்லை.

திங்கட்கிழமை அந்தக் கண்ணாடிப் பொட்டைப் பார்த்த பிறகு வீட்டுக்கு வந்து பீரோவைக் குடைந்தேன். ஸ்டுடியோவை மூடியபோது பதின்மூன்று கதைகளையும் பொது ஃபைலையும் போட்டு மகேஷ் சார் ஆளுக்கொன்று கொடுத்த சி.டி. துணிகளுக்கு அடியில் கிடந்தது. என் லேப்டாப்பில் சி.டி. போட இடமே இல்லை. ஆபீஸ் ஐ.டி. பிரிவில் கேட்டதற்கு, அருங்காட்சியகத்துக்கா என்று கேட்டுவிட்டு, எங்கிருந்தோ ஒரு பழைய டிரைவைத் தேடிக் கொடுத்தார்கள். கதைகள் ஓடவில்லை. அவற்றை ஓட்டுகிற நிரலை உலகம் முழுக்க நிறுத்திவிட்டார்கள். ஆனால் பொது ஃபைல், அந்த மென்பொருளின் இப்போதைய வாரிசில் முனகிக்கொண்டே திறந்தது.

லைப்ரரி பட்டியல் வந்தது. அப்பா முகம், அம்மா கை, நாய் வால். 'அம்மா முகம் கௌ'. அதற்கு நேர்கீழே, 'அம்மா முகம் குளித்தது'. அதன் பின்னால் இரண்டு எழுத்து இருந்தது. கௌ இல்லை. என் பெயரின் முதல் இரண்டு எழுத்து.

பக்கத்துக் கட்டத்தில் கடைசியாக மாற்றிய நேரம் போட்டிருந்தது. அந்த வியாழக்கிழமை, மத்தியானம் ஒன்றேகால். நான் கூலரில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த நேரம். அவளுடைய வழக்கம் அவளுக்கு மாறாது. யார் செய்ததோ அவர்கள் எழுத்து. அது உன் கதைதானே என்று கேட்டதும் ஆமாம் என்று நான் சொன்னதும் போதுமானதாக இருந்திருக்கிறது. கேபினில் சார் ஓய்வு எடுக்கச் சொன்னபோதே அவளுக்குத் தெரியும். என் வியர்த்த கையைப் பிடித்துக்கொண்டு பாலத்தில் நடந்தபோதும் தெரியும். தெரிந்துகொண்டுதான் வண்டியில் என்னைக் கேட்டாள், நீ ஏதாவது பாத்தியா என்று.

சனிக்கிழமை மாட்டுங்காவுக்குப் போனேன். இந்த முறை ஒளிய இடமில்லை, பூக்காரி உட்கார்ந்திருந்த இடத்தில் பார்க்கிங் கேட் வந்துவிட்டது. பழைய கட்டடம் இருந்த மனையில் இருபது மாடி. வாட்ச்மேன் எந்த ஃபிளாட் என்று ஹிந்தியில் கேட்டான். பெயரைச் சொன்னேன். பதிவேட்டைப் புரட்டிவிட்டு அப்படி யாரும் இல்லை என்றான். செம்பூரில் மிளகாய் மில் இல்லை, அதற்கு மேலே இருந்த இரண்டு அறையும் இல்லை. மகேஷ் சார் எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. சுனந்தாபாய் இறந்து வருஷமாயிற்றாம். அந்தப் பதின்மூன்று கதைகளைப் பார்த்து வளர்ந்த குழந்தைகள் எங்கேயாவது இருப்பார்கள், அவர்களுக்கும் இனிமேல் அந்த அம்மாவைக் காட்ட வழியில்லை.

திரும்பும்போது வேண்டுமென்றே குர்லா வரைக்கும் போய், அங்கிருந்து ஸ்லோ டிரெயினில் ஏறி, லேடீஸ் பெட்டி வாசலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதிரே ஒரு பெண் கைபேசியில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான்தான் செய்தேன் அக்கா என்று ஒருமுறை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தேன். மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை. மீதி ஐந்து நிமிஷமும் சும்மாதான் நின்றேன், சயான் வந்தது, இறங்கிக்கொண்டேன்.